தையல் இயந்திரம்: தேனியில் கடையில் வாங்குவதா, இணையத்தில் வாங்குவதா?

கேள்வி: பெரியகுளத்துக்காரி

அனைவருக்கும் வணக்கம். தையல் வகுப்பை முடித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே தெருவிலுள்ளவர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் ரவிக்கை, சுடிதார் தைத்துக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை என் ஓரகத்தியின் இயந்திரத்தில்தான் தைத்து வந்தேன். அவர்கள் ஊர் மாறிப் போவதால் சொந்தமாக ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது. புடவைக்கு ஃபால்ஸ் வைத்துப் பிக்கோ அடித்துத் தருவீர்களா என்றும் இரண்டொருவர் கேட்கிறார்கள்.

தேனியில் ஒரு கடையில் விசாரித்தேன். மேசைமேல் வைத்து, நேர்த்தையலோடு வளைந்து வளைந்து விழும் ஜிக்ஜாக் தையலும் போடும் போர்ட்டபிள் இயந்திரத்துக்கு 13,800 ரூபாய் சொன்னார்கள். அதே நிறுவனத்தின் அதே மாடல் இணையத்தில் 11,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். இதைச் சொன்னதும் கடைக்காரர், அங்கே வாங்கிவிட்டுக் கோளாறு என்று எங்களிடம் வரக் கூடாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். சரி, இங்கேயே வாங்கினால் எத்தனை இலவச சர்வீஸ், எந்தெந்தப் பாகத்துக்கு வாரண்டி என்று கேட்டால், "எதுவானாலும் பார்த்துக்கலாம்மா" என்கிறாரே தவிர, எழுதித் தருவதாகச் சொல்லவில்லை. இதற்கிடையே, உங்கள் வேலைக்கு ஸ்டாண்டும் மோட்டாரும் சேர்த்துக் கறுப்பு மிஷினே போதும், 9,000 ரூபாய்க்குள் முடித்துத் தருகிறேன் என்றும் அவரே சொல்கிறார்.

கணவர் இணையத்தில் வாங்கலாம் என்கிறார். மாமனாரோ, கண்ணால் பார்க்காமல் இரும்புச் சாமான் வாங்கக் கூடாது என்று ஒரே பிடியாக இருக்கிறார். திருப்பூரில் வேலை பார்க்கும் சித்தி மகன், பனியன் கம்பெனிகளில் ஓடும் பழைய பவர் மிஷின் ஒன்றை லாரியில் ஏற்றி அனுப்பட்டுமா என்கிறான்.

இந்த 2,300 ரூபாய் வித்தியாசத்துக்குக் கடையில் உண்மையிலேயே ஏதாவது கிடைக்கிறதா? பெட்டியில் வரும் இயந்திரம் சேதமில்லாமல் வந்து சேருமா? பழுது என்றால் அதைத் தூக்கிக்கொண்டு மதுரை வரை அலைவது எனக்கு முடியாத காரியம். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.


பதில்: பல்லடம் மெக்கானிக்

சகோதரிக்கு வணக்கம். நான் தையல் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன், விற்பதில்லை. ஆகவே நீங்கள் எங்கே வாங்கினாலும் எனக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கடையா, இணையமா என்று பார்ப்பதற்கு முன்னால் எந்த வகை இயந்திரம் என்பதைத் தீர்மானித்துவிடுங்கள். வகைக்கு வகை இதற்கு விடை மாறும்.

முதலில் கறுப்பு மிஷின். இவற்றில் பெரிய பெயர் உள்ளவையும் உண்டு, கேள்விப்படாத பெயர் உள்ளவையும் உண்டு. பஞ்சாபிலுள்ள லூதியானாவில் இந்தத் தலைகளை, அதாவது ஸ்டாண்டின்மேல் உட்காரும் இயந்திரப் பகுதியை, செய்யும் பட்டறைகள் ஏராளம். ஒரே வார்ப்பில் பல பெயர்களில் வருவதால், ஒன்றின் பாபின் கேஸ் (கீழ்நூல் கூடு), ஷட்டில் (மேல்நூலைக் கவ்வும் பாகம்), பல் (துணியை நகர்த்துவது), பிரஷர் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிப்பது) ஆகியவை பெரும்பாலும் மற்றொன்றுக்கும் பொருந்திவிடும். எந்த ஊர்க் கடைத்தெருவிலும் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். ஆனால் இந்த இயந்திரம் முழுமையாகக் கோத்த நிலையில் வருவதில்லை. தலை ஒரு பெட்டி, பலகை ஒரு கட்டு, ஸ்டாண்டு ஒரு கட்டு என்று பிரிந்துதான் வரும். ஸ்டாண்டை மட்டம் பார்த்து நிறுத்த வேண்டும், பெல்ட்டை அளவாக அறுத்துக் கோக்க வேண்டும், மோட்டாரைப் பெல்ட் தளராமலும் இறுகாமலும் ஏற்ற வேண்டும். இணையத்தில் வாங்கினால் இந்த வேலைக்கு நீங்களே ஒரு மெக்கானிக்கைத் தேடிக் கூலி கொடுக்க வேண்டும். வார்ப்பிரும்புக் கால் வழியில் அடிபட்டால் வளையாது. விரிசல் விடும், இல்லையென்றால் ஒடிந்தே போகும். இந்த வகையை உள்ளூர்க் கடையில்தான் வாங்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

போர்ட்டபிள் அப்படி இல்லை. மேலுறையைக் கழற்றுவதற்கே முறை தெரிந்திருக்க வேண்டும். உள்ளே பல மாடல்களில் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் இருக்கும். அவையும் காலில் அழுத்தும் கன்ட்ரோலரும் அந்தந்த மாடலுக்கே உரியவை. அந்தப் பாகம் நிறுவனத்திடமிருந்து வந்தால்தான் உண்டு. ஆகவே இதில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, இதைத் திறந்து பார்க்கப் பழகிய ஆள் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான். தேனிக் கடையில் அப்படி ஒருவர் இருந்தால் 2,300 ரூபாய் அதிகம் கொடுப்பது நியாயமான விலையே. கடைக்காரரும் பெட்டியை வாங்கி மதுரைக்கு அனுப்பி வைப்பவர்தான் என்றால், இணையத்தில் கிடைக்காத எதையும் அவர் உங்களுக்குத் தரவில்லை. கடைக்குப் போகும்போது கல்லாவுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். எண்ணெய்க் கறை படிந்த ஒரு மேசை, பிரித்துப் போட்ட நாலைந்து தலைகள், தட்டு நிறைய ஸ்க்ரூ என்று இருந்தால் அது பழுது பார்க்கும் கடை. அட்டைப் பெட்டிகள் மட்டும் அடுக்கியிருந்தால் அது வெறும் விற்பனைக் கடை.

வழியில் சேதமாகுமா என்று கேட்டிருந்தீர்கள். தெர்மாகோல் அச்சுக்குள் இறுக்கமாக வரும் போர்ட்டபிள் பெரும்பாலும் நல்லபடியாகவே வந்து சேர்கிறது. கெடுகிறவற்றில் நான் பார்ப்பது பெரும்பாலும் டைமிங் விலகல். ஊசி கடைசி வரை இறங்கி, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மேலே எழும்பும்போது, நூல் ஊசியின் பின்புறம் சிறு வளையமாகப் பிதுங்கும். அந்த நொடியில் ஷட்டிலின் மூக்கு ஊசிக் காதுக்குச் சற்று மேலே வந்து அந்த வளையத்தைக் கவ்விக்கொண்டு போக வேண்டும். பெட்டி விழுந்து இந்தச் சந்திப்பு மயிரிழை தவறினாலும் தையல் விட்டுவிட்டு விழும், அல்லது நூல் அறுந்துகொண்டே இருக்கும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. புதிதாக வாங்கியவர்கள் ஊசியை மாற்றுவார்கள், நூலை மாற்றுவார்கள், நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகை இப்படியும் அப்படியும் திருகுவார்கள். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடும். ஆகவே எங்கே வாங்கினாலும் முதல் நாளே நிறைய தைத்துப் பார்த்துவிட வேண்டும்.

தைத்துப் பார்க்கும் முறை இதுதான். மேலே சிவப்பு நூலும் பாபினில் வெள்ளை நூலும் போடுங்கள். துணியின் அடிப்பக்கத்தில் சிவப்புப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது. மேற்பக்கத்தில் வெள்ளை தெரிந்தால் மேல்நூல் இறுகியிருக்கிறது, அல்லது பாபின் கேஸ் தளர்ந்திருக்கிறது. டென்ஷனைச் சற்றுத் திருப்பியதும் சரியாக வேண்டும். எவ்வளவு திருப்பியும் அடங்காத இயந்திரத்தை வாங்க வேண்டாம். பிறகு துணியை நான்காக மடித்து, ஒற்றை மடிப்பிலிருந்து அந்த மேட்டின்மேல் ஏறி மறுபடியும் இறங்கும்படி தையுங்கள். ரவிக்கையில் லைனிங்கும் கைக்குழியும் பைப்பிங்கும் சேரும் இடத்தில் இயந்திரம் செய்ய வேண்டிய வேலை அதுதான். ஏறும் இடத்தில் திணறினாலோ, இறங்கும் இடத்தில் தையல் விட்டாலோ கடைக்காரர் சொல்லும் சமாதானம் எதையும் கேட்டுக்கொள்ள வேண்டாம்.

உங்கள் நிலைமைக்கு என் கருத்து: அன்றாடம் ரவிக்கையும் சுடிதாரும் தைப்பதற்கு, கடையில் ஸ்டாண்டுடன் கறுப்பு மிஷின் வாங்குங்கள். நாள் முழுக்க ஓடினாலும் தாங்கும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்சாரத்தை நிறுத்தும் நாளில் மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்துத் தைக்கலாம். பிக்கோவுக்கு ஜிக்ஜாக் தேவை, இதில் அது வராது. அந்த வேலையைச் சில காலம் வெளியே கொடுத்து வாங்குங்கள். மாதத்துக்கு எத்தனை புடவை வருகிறது என்று தெரிந்த பிறகு அதற்கென ஒன்றை வாங்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஸ்டேப்ளர் போலக் கையில் பிடித்துத் தைக்கும் சிறு கருவியைத் தையல் இயந்திரம் என்ற பெயரிலேயே விற்கிறார்கள். அது ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுவது. முடிச்சிடாத முனையை இழுத்தால் முழுத் தையலும் உருவிக்கொண்டு வந்துவிடும். வீட்டில் யாராவது ஆசைப்பட்டு அதை வரவழைத்துவிடப் போகிறார்கள்.


பதில்: மாம்பலம் வாசகி

மெக்கானிக் அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரிதான். ஆனாலும் இணையத்தில் வாங்கி நிம்மதியாக இருப்பவர்களின் தரப்பையும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா? நான் சென்னையில் இருக்கிறேன். என்னிடமிருப்பது இணையத்தில் வாங்கிய ஜிக்ஜாக் போர்ட்டபிள்தான். பிள்ளைகளின் உடைகள், திரைச்சீலை, தலையணை உறை, எனக்கு வேண்டிய குர்தி எல்லாம் அதில்தான் தைக்கிறேன்.

கடைக்குப் போகாமலிருந்ததற்குக் காரணம் விலை மட்டுமல்ல. நான் ஏறி இறங்கிய கடைகளில், நான் கேட்ட மாடலைக் காட்டுவதைவிட அவர்களிடம் தேங்கிக் கிடந்த மாடலை என் தலையில் கட்டுவதிலேயே குறியாக இருந்தார்கள். ஒரு கடையில் காட்சிக்கு வைத்திருந்த இயந்திரத்தைத் துடைத்து, பெட்டியில் போட்டுப் புதிது என்று கொடுக்கப் பார்த்தார்கள்; ஊசித் தட்டின்மேல் கீறல்களும், பல்லுக்கடியில் பஞ்சும் இருந்ததால்தான் தெரிந்தது. உள்ளூர்க் கடை என்றாலே நம்பகம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இணையத்தில் வாங்கும்போது நான் மூன்று விஷயங்களில் கறாராக இருந்தேன். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, என் அஞ்சல் குறியீட்டைச் சொல்லி, இந்த மாடலுக்கு வீட்டுக்கு ஆள் வந்து பழுது பார்ப்பார்களா, நாங்கள்தான் தூக்கி வர வேண்டுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டேன். பெரியகுளத்துச் சகோதரிக்கு இந்த ஒரு அழைப்பே பாதி விடையைச் சொல்லிவிடும். அடுத்தது, விற்பவர் யார் என்பது. அதே பக்கத்தில் அதே இயந்திரத்தைப் பலர் விற்பார்கள். மிகக் குறைந்த விலை போட்டிருப்பவர் பெயரைப் பார்த்தால் கைப்பேசி உறையிலிருந்து சமையல் பாத்திரம் வரை எல்லாம் விற்பவராக இருப்பார். நிறுவனமே நடத்தும் விற்பனைப் பக்கத்தில் சில நூறு ரூபாய் அதிகம் இருந்தாலும் அங்கேதான் வாங்கினேன். வாரண்டி நிறுவனம் தருவதா, விற்பவர் தருவதா என்று பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். விற்பவர் தரும் வாரண்டி என்றால் அதைக் கழித்துவிட்டுத்தான் விலையைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, பெட்டி வந்ததும் முத்திரை நாடாவை அறுப்பதிலிருந்து முதல் தையல் போடுவது வரை மகனைக் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொன்னேன். பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் வைத்திருந்தேன், ஏனென்றால் அவை இல்லாமல் திருப்பி அனுப்பினால் ஏற்க மறுப்பதற்கு அது ஒரு சாக்காகிவிடும்.

உஷா நிறுவனம் ஜப்பானின் ஜனோமியுடன் சேர்ந்து விற்கும் ஜிக்ஜாக் வகைகள், சிங்கர், பிரதர் ஆகியவற்றுக்குப் பெரிய ஊர்களில் ஆள் இருப்பார்கள். இயந்திரம் வந்த பிறகு அழைத்தால் எப்படி நூல் கோப்பது, எப்படிப் பொத்தான்துளை போடுவது என்று சொல்லிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்கிறார்கள். எனக்குக் காணொளி அழைப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தைச் சகோதரி கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட வீட்டு உபயோக இயந்திரங்களின் வாரண்டி அட்டையைப் படித்துப் பார்த்தால், வணிகப் பயன்பாட்டுக்கு இது செல்லாது என்ற வரி பலவற்றில் இருக்கும். ஊசி, பாபின், பல்பு, பெல்ட் போன்றவற்றை விலக்குவது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். ஆனால் இந்த வரி உங்களை நேராகவே பாதிக்கும். என் அளவுக்குத் தைப்பவருக்குப் போர்ட்டபிள் அருமையான பொருள். தீபாவளி நெருக்கத்தில் நாளெல்லாம் ரவிக்கை தைக்கப் போகிறவருக்கு அதையே சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் கொண்டுவந்து தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். மின்மாற்றி வைத்தாலும் அந்த மாடலுக்கு இங்கே பாகம் கிடைக்காது.


பதில்: வரிக்கணக்கர்

கடை, இணையம் இரண்டுக்கும் பொதுவான ஒன்றை யாரும் தொடவில்லை. அது பில்.

பில் வேண்டாமென்றால் வரியைக் குறைத்துத் தருகிறேன் என்று கடைகளில் சொல்வது உண்டு. தையல் இயந்திரத்துக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முந்தைய விலை 9,000 ரூபாய் என்றால் வரி 450 ரூபாய்தான். அந்த 450 ரூபாயை மிச்சப்படுத்துகிறேன் என்று பில்லை விட்டுவிட்டால், வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதற்கோ, இயந்திரத்தை அவரிடம்தான் வாங்கினீர்கள் என்பதற்கோ உங்களிடம் சான்று எதுவும் இருக்காது. பில்லில் மாடல் பெயரும் தலையில் பொறித்துள்ள வரிசை எண்ணும் இருக்கட்டும். இலவச சர்வீஸ் எத்தனை, எத்தனை மாதத்துக்கு என்பதை அதே பில்லின் பின்புறம் எழுதிக் கடை முத்திரை வைக்கச் சொல்லுங்கள். "பார்த்துக்கலாம்" என்பவர் அந்த இடத்தில் பேனாவை எடுக்கிறாரா என்று பார்த்தாலே அவர் பேச்சின் மதிப்பு தெரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்கிறேன். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடவடிக்கை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. இணைய விற்பனைக்கென 2020 இல் வந்த விதிகளின்படி, பொருள் குறையுடையதாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்க முடியாது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு.

இணையத்தில் வாங்கிவிட்டு வழக்குக்காகப் பெங்களூருக்கோ டெல்லிக்கோ யார் போவது என்று பலர் பயப்படுகிறார்கள். போக வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915 இல் பதிவு செய்து பாருங்கள்.

வாசகி அவர்கள் குறிப்பிட்ட வணிகப் பயன்பாடு பற்றி ஒரு விளக்கம். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் ஆக மாட்டார் என்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள் அந்த விலக்கில் வராது என்று சட்டத்தின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. ஆகவே தைத்துச் சம்பாதிக்கிறீர்கள் என்ற ஒரே காரணத்தால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு உங்களுக்கு அடைபடாது. நிறுவனத்தின் வாரண்டி அட்டையில் உள்ள நிபந்தனை வேறு விஷயம். அது இலவசப் பழுதுபார்ப்பை மறுக்கக் காரணமாகலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குடும்ப வருமானம் குறைவாக இருந்தால், சமூகநலத் துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கு உங்களுக்குத் தகுதி உண்டா என்று மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு பணத்தைச் செலவழியுங்கள்.


பதில்: பனியன் ஊர்

சித்தி மகன் சொல்லும் பழைய பவர் மிஷினைப் பற்றி மட்டும் சொல்கிறேன். திருப்பூரில் கம்பெனிகள் கழித்துவிடும் ஜூகி, ஜாக், பிரதர் சிங்கிள் நீடில் இயந்திரங்கள் நல்ல நிலையிலும் கிடைக்கும், தேய்ந்து போனவையும் கிடைக்கும். பெயின்ட் அடித்து நிறுத்திவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நிமிடத்துக்கு 4,000, 5,000 தையல் ஓடுவதற்கென்று செய்தவை அவை. தலை மட்டுமே 25 கிலோவுக்கு மேல் இருக்கும்; மேசையும் மோட்டாரும் சேர்ந்தால் வீட்டில் ஒரு மூலையை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும். பழையவற்றில் கிளட்ச் மோட்டார் இருந்தால், நீங்கள் மிதிக்காதபோதும் அது இரைந்துகொண்டே சுழலும், மின்சாரமும் செலவாகும். சர்வோ மோட்டார் மிதித்தால் மட்டுமே ஓடும். வாங்கினால் அதை மாற்றித்தான் வாங்க வேண்டும். ஊசியும் வேறு: வீட்டு இயந்திரத்தின் ஊசித் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், இதற்கு முழு உருண்டை. கீழே தட்டில் எண்ணெய் நிற்க வேண்டும், அளவு குறைந்தால் உள்ளே தேய்ந்துவிடும். திருப்பூரில் கூப்பிட்டால் அரை மணியில் மெக்கானிக் வருவார் என்பதால் எங்களுக்கு அது சரிப்படுகிறது. பெரியகுளத்தில், அதுவும் தொழிலைத் தொடங்கும்போதே, இது வேண்டாம்.


பெரியகுளத்துக்காரி

எல்லோருக்கும் மிக்க நன்றி. போர்ட்டபிள் நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்து அஞ்சல் குறியீட்டைச் சொன்னேன். எங்கள் பகுதிக்கு வீட்டுக்கு ஆள் வரும் ஏற்பாடு இப்போது இல்லை, மதுரை மையத்துக்குத்தான் கொண்டு வர வேண்டும் என்றார்கள். முதலில் விசாரித்த கடையிலும் இதைக் கேட்டேன். இயந்திரங்கள் சேர்ந்ததும் அவர்களும் மதுரைக்குத்தான் அனுப்புகிறார்களாம், திரும்பி வர இரண்டு மூன்று வாரம் ஆகுமாம். அப்படியானால் போர்ட்டபிளுக்கு அந்த 2,300 ரூபாயை எதற்காகக் கொடுக்க வேண்டும் என்று கணவர் கேட்டதற்குக் கடைக்காரரிடம் பதில் இல்லை.

பிறகு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இன்னொரு கடையைப் பார்த்தோம். மெக்கானிக் அண்ணா சொன்னபடியே உள்ளே ஒரு பெரியவர் தலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கறுப்பு மிஷின், ஸ்டாண்டு, பலகை, மோட்டார் எல்லாம் சேர்த்து வரியோடு 9,400 ரூபாய் சொல்கிறார்கள். ஓராண்டுக்கு நான்கு சர்வீஸ், பெரியகுளத்துக்கு வீட்டுக்கே வந்து செய்வதாகப் பில்லிலேயே எழுதித் தருகிறார்களாம். வாரண்டி அட்டையும் தனியாக உண்டு. மாமனாருக்கு அந்தப் பெரியவரைப் பிடித்துப்போய்விட்டது.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். மோட்டாரை இப்போதே வாங்க வேண்டுமா, பிறகு போட்டுக்கொள்ளலாமா? மாதிரிக்கு அவர் தைத்துக் காட்டியபோது தையல் மிக அழகாக விழுந்தது. ஆனால் அது கடையிலிருந்த துணி. நான் என்னென்ன துணி எடுத்துக்கொண்டு போக வேண்டும்?


பதில்: பல்லடம் மெக்கானிக்

வீட்டுக்கு வருவதாக எழுதித் தருகிறார்கள் என்றால் 9,400 ரூபாய் அதிகமில்லை. பலகையைத் தட்டிப் பாருங்கள். ஓரம் ஒட்டாமல் விட்டிருந்தால் மழைக்காலத்தில் உப்பிவிடும், வேறு பலகை கேளுங்கள்.

மோட்டாரை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம். ஆனால் மிதித்துத் தைத்துப் பழகிய கைக்கு மோட்டாரின் வேகம் முதலில் பிடிபடாது. தலைதீபாவளிப் புடவைக்கு ரவிக்கை அவசரம் என்று வந்து நிற்கும் நாளில் அதைப் பழக முடியாது. ஆர்டர் குறைவாக இருக்கும் இந்த நாட்களிலேயே போட்டுக்கொண்டு பழைய துணியில் பழகுங்கள். மோட்டார் ஏறிய பிறகும் பெடலும் பெரிய சக்கரமும் அதன் பெல்ட்டும் அப்படியே இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். சில கடைகளில் மோட்டார் இருக்கிறதே என்று கால் பெல்ட்டைப் போடாமலே விட்டுவிடுவார்கள்.

துணிக்கு வருகிறேன். நீங்கள் வழக்கமாகத் தைக்கும் 2x2 ரூபியா ரவிக்கைத் துணி ஒரு துண்டு, லைனிங் துணி, வழுக்கும் ஜார்ஜெட் ஒரு துண்டு, சுடிதார் இடுப்புப் பட்டி அளவுக்குத் தடித்த பருத்தி ஒன்று, இவை போதும். ஜார்ஜெட்டுக்கு 11 ஆம் எண் ஊசி, மற்றவற்றுக்கு 14 போடச் சொல்லுங்கள். ஒரே ஊசியில் எல்லாவற்றையும் தைத்துப் பார்த்துவிட்டு இயந்திரத்தைக் குறை சொல்வது நியாயமாகாது. நூல் கண்டும் நீங்கள் அன்றாடம் வாங்குவதையே எடுத்துப் போங்கள். எடுத்துப் போகும் துணியை முன்பே நனைத்துக் கஞ்சி போகக் கசக்கி உலர்த்திவிடுங்கள். கஞ்சி விறைப்புள்ள துணியில் எந்த இயந்திரமும் அழகாகத்தான் தைக்கும், அதனால்தான் கடைகளில் மாதிரிக்கென்று அந்தத் துணியை வைத்திருக்கிறார்கள்.